மஞ்சளுக்கு ஒரு கண்ணாடி

கண்ணாடி வெட்டும்போது சில்லு யாரோடும் பேச மாட்டாள். மேசைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, அளவு பார்த்து, வெட்டுச் சக்கரத்தை வைத்து ஒரே இழுப்பு. கீச்சென்று ஒரு சத்தம் வரும். பிறகு ஓரத்தில் ஒரு தட்டு தட்டுவாள். கோடு போட்ட இடத்தில் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகப் பிரியும். பார்க்கிற நாம்தான் ஒரு அடி பின்னால் நகர்வோம். அவளோ காதில் சொருகிய பென்சிலை எடுத்துக்கொண்டு அடுத்த கண்ணாடிக்குப் போயிருப்பாள்.

சில்லு என் கணவரின் தங்கை. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபின் அண்ணன் கேலிக்கு வைத்த பெயர்தான் சில்லு. அதுவே நிலைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள்கூட "சில்லக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

கல்யாணம் செய்துகொடுத்த இடத்தில் அவள் சில வருஷம் இருந்து பார்த்தாள். ஒரு நாள் காலையில் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டில் அடி விழுந்தது என்பது அவள் கையைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வந்து விசாரித்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நீ கொஞ்சம் ஒத்துப்போயிருக்கலாமே." நானும் அன்றைக்கு ஒன்றும் பெருந்தன்மையாக நடந்துகொண்டுவிடவில்லை. இரண்டே அறை உள்ள வீடு. அலமாரியில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டுமே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான் பாத்திரத்தை வைத்த இடத்தில் அவள் வைக்க மாட்டாள், அவள் துண்டு போட்ட கொடியில் நான் போட்டால் அவளுக்கு ஆகாது. என் கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு தினமும் வேலைக்குச் சீக்கிரமாகக் கிளம்பிப் போக ஆரம்பித்தார்.

அதற்கு ஒரு முடிவு கட்டியதும் அவள்தான். கடையில் மிஞ்சிய பனிக்கண்ணாடியைக் கொண்டுவந்து, பெரிய அறையின் குறுக்கே நிறுத்தி, ஒரே நாளில் தனக்கென்று ஒரு சின்ன அறையை உண்டாக்கிவிட்டாள். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. "ஆளுக்கு ஒரு மூலை இருந்துட்டா எதுக்கு அண்ணி சண்டை?" என்றாள். அதன்பிறகு எங்களுக்குள் ஒரு சொல் தடித்ததில்லை.

நான் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உட்காரவைப்பது என் வேலை. மருந்து விட்டால் கண்ணின் பாப்பா விரிய நேரமாகும். அதுவரை பேப்பர் படிக்க முடியாது, போன் பார்க்க முடியாது, எதிரே வருவது மாமனாரா மச்சானா என்று தெரியாது. சும்மா உட்கார்ந்தால் மனிதர்களுக்கு எரிச்சல்தான் வரும். அதனால் டாக்டரம்மா கூடத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டார். அதுவும் கடல் தண்ணீர்த் தொட்டி.

"எங்க வீட்டுல ஒரு கண்ணாடிக்காரி இருக்கா, டாக்டர்" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

சில்லு அதுவரை நல்ல தண்ணீர் மீன்களுக்குத் தொட்டி செய்து பழகியிருந்தாள். இந்தத் தொட்டி, சுவரின் பாதி நீளத்துக்கு வந்தது. ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டு கசியவில்லை. உப்பைக் கரைத்து, பாறைகளை அடுக்கி, தண்ணீர் பக்குவப்படும்வரை வாரக்கணக்கில் காலித் தொட்டியையே ஓடவிட்டாள். வந்தவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டு என் உயிரை எடுத்தார்கள். கடைசியில் வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒரே ஒரு மீனைக் கொண்டுவந்து விட்டார். உள்ளங்கை அகலம், பக்கவாட்டில் தட்டை, வாய் மட்டும் கொஞ்சம் கூர்மை. உடம்பு முழுக்க எலுமிச்சம்பழ மஞ்சள். வால் ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒரு முள். கத்தி மாதிரி விரியுமாம். நாங்கள் அதற்கு மஞ்சள் என்றே பெயர் வைத்தோம்.

மஞ்சள் வந்ததும் கூடத்தின் முகமே மாறிப்போனது. அழுதுகொண்டு வந்த குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி நின்றார்கள். சில்லு வாரம் இரண்டு முறை வந்து தண்ணீர் மாற்றுவாள். கடல்பாசித் தாளை ஒரு பிடிப்பானில் மாட்டிவிடுவாள். மஞ்சள் வந்து அதைக் கிழித்துத் தின்னும். தொட்டிக்கு அது ஒன்றுதான் ராஜா. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"தனியா இருக்கு பாவம். ஜோடியா ஒண்ணு விடுவோம்" என்றார் மீன் கடைக்காரர். சில்லுவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதே சாதி, அதே உருவம், நிறம் மட்டும் பழுப்பாக ஒரு மீனைக் கொண்டுவந்தார்கள். விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். மஞ்சள் முதலில் அசையவில்லை. பிறகு முதுகுத் துடுப்பை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. ஏதோ வரவேற்கப் போகிறது என்று நினைத்தேன். வாலைத் திருப்பி ஒரே வெட்டு. பழுப்பு மீன் ஓடியது, இது துரத்தியது. ஒளிய ஒரு பொந்து கிடைத்தால் அதற்குள்ளும் போய் இழுத்தது. சில்லு வலையை எடுத்துக்கொண்டு முழங்கைவரை தண்ணீரில் விட்டுத் துழாவினாள். பாறைகளுக்கு நடுவில் இரண்டும் சிக்கவில்லை. அவள் பழுப்பு மீனைப் பிடித்து எடுத்தபோது அதன் துடுப்புகள் நார்நாராகக் கிழிந்திருந்தன. வாளிக்குள் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் மிதந்து செத்துப்போனது.

கூடம் நிறைய ஆட்கள். ஒரு சின்னப் பெண் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன ஆச்சு?"

"தப்பு என்னோடது, டாக்டர்" என்றாள் சில்லு. கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "விசாரிக்காம விட்டுட்டேன்."

"பயந்து வர்ற குழந்தைங்க இதைப் பார்க்க வேண்டாம்மா. அந்த மஞ்சளை எடுத்துடுங்க. சாதுவா வேற நாலு மீன் விடுங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

அப்போது மூலை நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா அவர். விழித்திரை கெட்டுக்கொண்டே வந்ததால் அடிக்கடி ஊசி போட்டுக்கொள்ள வருவார். பேசுகிற ஆளைப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பார்த்துத்தான் பேசுவார். நேராகப் பார்த்தால் அவருக்கு முகம் தெரியாது.

"டாக்டர், அதை எடுக்காதீங்க. இந்த ரூமுல எனக்குத் தெரியறது அது ஒண்ணுதான்."

தொட்டி இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"உங்க முகம் எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு முகமும் தெரியாது. அந்த மஞ்சள் மட்டும் தெரியும். இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் வருதுன்னு சொல்லிடுவேன். போன தடவை வந்தப்போ தெரிஞ்சது, இப்பவும் தெரியுதுன்னா, கண்ணு இன்னும் இருக்குன்னு அர்த்தம். அப்படித்தான் நான் மனசைத் தேத்திக்கிட்டு இருக்கேன்."

மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இன்னொருவரும் "ஆமாங்க, மங்கலா இருந்தாலும் அது மட்டும் பளிச்சுன்னு இருக்கு" என்றார். டாக்டரம்மா தொட்டியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கடைசியாக சில்லுவைப் பார்த்தார்.

"மஞ்சளும் இருக்கணும், சண்டையும் இருக்கக் கூடாது. முடியுமா?"

"தெரியல, டாக்டர். ஆனா முயற்சி பண்றேன்" என்றாள் சில்லு.

முடியும் என்று அவள் அடித்துச் சொல்லாததுதான் எனக்குப் பிடித்தது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து நேராக இங்கே வந்துவிடுவாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து, மீனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். கடல் மீன் வளர்ப்பவர்களைத் தேடிப்பிடித்து போனில் பேசுவாள். மீன் கடைக்காரரையும் விடவில்லை. அவரிடம் போய் எந்த மீன் எதோடு சேரும், எது எதை அடிக்கும் என்று நச்சரித்தாள். "கண்ணாடி வெட்டறது வேற, கடல் வேறம்மா" என்று சலித்துக்கொண்டாலும், தெரிந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னார் மனிதர்.

வீட்டிலும் சாப்பிடும்போது மீன் பேச்சுதான்.

"கோமாளி மீன் இருக்கே அண்ணி, அது எல்லாமே ஆணாத்தான் பொறக்குமாம். கூட்டத்துல யாரு பெரிய ஆளோ அது பொம்பளையா மாறிடுமாம். அப்புறம் அது சொல்றதுதான் சட்டம். புருஷன் பின்னாடியே சுத்துவான்."

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இதைக் கண்டுபிடிக்க கடலுக்கா போகணும்?" என்றார். சில்லு சிரித்த சிரிப்பில் பனிக்கண்ணாடி அதிர்ந்தது. வந்த புதிதில் அவள் சிரித்தே நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவள் சொன்னாள். "அது கெட்ட மீன் இல்ல அண்ணி. அந்தத் தொட்டி பூரா தன் வீடுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கு. முதல்ல வந்தது அது. தூங்கற பொந்து அதோடது, பாசி மாட்டற மூலை அதோடது. தன்னை மாதிரியே இருக்கிறவன், தன் சாப்பாட்டையே சாப்பிடறவன் உள்ள வந்தா விடுமா? வேற உருவமா, வேற தீனி திங்கறதா இருந்தா அவ்வளவு கோபம் வராது. நாமதான் ஆள் பார்த்து விடல."

கொஞ்சம் பொறுத்து, தட்டைக் கழுவிக்கொண்டே, "ஒத்துப்போ ஒத்துப்போன்னா எப்படிப் போகும்? அதுக்கு இடம் அமைய வேண்டாமா?" என்றாள். அது மீனைப் பற்றி மட்டும் சொன்ன பேச்சு இல்லை என்று எனக்குப் புரிந்தது. அவள் கழுவிய தட்டை வாங்கித் துடைத்து வைத்தேன்.

மருத்துவமனைக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தாள். முதல் வேலை மஞ்சளைப் பிடிப்பது. பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒளிய இடமே இல்லாமல் ஆக்கி, இரண்டு வலைகளை வைத்து மடக்கினாள். அப்படியும் அது தன் கத்தியால் அவள் கட்டைவிரலில் ஒரு கோடு போட்டுவிட்டது. "கண்ணாடி வெட்டாத இடத்தை இது வெட்டிடுச்சு" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். துளைகள் போட்ட, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை அவளே செய்துவைத்திருந்தாள். மஞ்சளை அதில் விட்டு, தொட்டிக்குள்ளேயே ஒரு ஓரமாகத் தொங்கவிட்டாள். தண்ணீர் அதேதான், எல்லாவற்றையும் பார்க்கலாம், யாரையும் தொட முடியாது.

பிறகு பாறைகளை அடுக்கினாள். பழைய மாதிரி ஒரே குன்றாக இல்லை. இரண்டு குன்றுகள், நடுவில் மணல் வெளி. எந்தப் பக்கம் பார்த்தாலும் நுழைந்து வெளியேற வழி உள்ள பொந்துகள். "ஒரு வழி மட்டும் இருந்தா உள்ளயே வெச்சு அடிச்சிடும். பின்வாசல் வேணும்" என்றாள். மத்தியானம் மீன் கடைக்காரர் புதியவர்களைக் கொண்டுவந்தார். ஒரு கோமாளி ஜோடி. வெள்ளியில் கறுப்புக் கோடு போட்ட, காற்று அடித்தால் சாய்ந்துவிடும் போலிருந்த இரண்டு அமைதியான மீன்கள். பிறகு சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மணல் மீன், அதோடு ஒரு குட்டி இறால். இந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாதாம். அது குழி தோண்டும், மீன் வாசலில் காவல் இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே போய்விடும். கண் மருத்துவமனைக்குப் பொருத்தமான குடித்தனம் என்று டாக்டரம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எல்லாரையும் ஒரே நேரத்தில் விட்டாள் சில்லு. ஒருவரை மட்டும் விட்டால் அத்தனை கோபமும் அந்த ஒருவர் தலையில் விடியும் என்றாள்.

புதியவர்கள் தங்களுக்கென்று இடம் பிடித்து நிம்மதியாகும்வரை மஞ்சள் பெட்டிக்குள் இருந்தது. ஆனால் சில்லுவுக்கு இன்னும் ஒரு கவலை இருந்தது.

"வெளிய விட்டா முதல் கோபத்தை யார்மேல காட்டுமோ தெரியல. அந்த நேரத்தைத் தாண்டிட்டா போதும்."

நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். "சண்டை போட அதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே? அடிபடாத ஆளா ஒருத்தனைப் பிடிச்சுக் கொடு."

சில்லு என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணி! நான் தினம் அதைத்தானே வெட்டறேன்!"

மறுநாள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை, ஓரம் மழுங்கத் தேய்த்து, கொண்டுவந்தாள். தொட்டியின் ஒரு பக்கச் சுவரில் வெளிப்புறமாக ஒட்டினாள். டாக்டரம்மாவும் அறையை விட்டு வந்து நின்றார். டீச்சரம்மா அன்று ஊசிக்கு வந்திருந்தார். நான் அடுத்தவர் பெயரைக் கூப்பிடவே மறந்துவிட்டேன். சில்லு பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

மஞ்சள் நேராகத் தன் பழைய பொந்து இருந்த இடத்துக்குப் போனது. அங்கே மணல்தான் இருந்தது. ஊருக்குப் போய் வந்தவன் வீட்டுக்குள் சாமான் எல்லாம் இடம் மாறியிருப்பதைப் பார்த்து முழிப்பது மாதிரி ஒரு சுற்று சுற்றியது. பிறகு கோமாளி ஜோடியின் பக்கம் திரும்பியது. அந்த ஜோடியில் பெரியவள், என் கட்டைவிரல் அளவுகூட இல்லாதவள், பாறையை விட்டு வெளியே வந்து மஞ்சளின் மூக்குக்கு நேரே பாய்ந்தாள். மஞ்சள் பின்வாங்கியது! கூடத்தில் யாரோ "அடி சக்கை!" என்றார்கள்.

அந்த அவமானத்தோடு அது கண்ணாடிப் பக்கம் போனது. அங்கே, தன்னைப் போலவே ஒரு மஞ்சள். துடுப்பை விரித்தது. அவனும் விரித்தான். வாலைக் காட்டியது. அவனும் காட்டினான். கத்தியை வீசியது, கண்ணாடியில் டக்கென்று பட்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு மற்றவர்களை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்று முழுக்க அந்தச் சுவரோடுதான் மல்லுக்கட்டியது. தொட்டியின் மறுமுனையில் கோமாளிகளும் கோடுபோட்ட மீன்களும் நிதானமாகத் தீனி தின்றுகொண்டிருந்தன.

"என்ன நடக்குது, சொல்லுங்களேன்" என்றார் டீச்சரம்மா.

"இப்ப ரெண்டு மஞ்சள் தெரியுதா, டீச்சர்?" என்று சில்லு கேட்டாள்.

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். "தெரியுதே!"

அந்தக் கண்ணாடியை சில்லு ஒரேயடியாக விட்டுவைக்கவில்லை. எந்த நேரமும் சண்டை என்றால் மஞ்சளே சோர்ந்துவிடும் என்று, நாளுக்கு நாள் நேரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தாள். பாசித் தாளை ஒரு மூலையில் மட்டும் மாட்டாமல் இரண்டு குன்றுகளின் பக்கத்திலும் மாட்டினாள். மஞ்சளுக்கு எந்த மூலையைக் காவல் காப்பது என்றே தெரியவில்லை. இடையில் ஒரு முறை கோடுபோட்ட மீனைத் துரத்தியது. சில்லு அதைப் பார்த்து, பாறை ஒன்றைத் திருப்பி வைத்து, அதற்கு இன்னொரு பின்வாசல் போட்டுக் கொடுத்தாள். கண்ணாடியை முழுவதும் எடுத்த வாரத்தில், மஞ்சளும் கோடுபோட்ட மீன்களும் ஒரே பாறையின் மேல் ஒன்றையொன்று உரசாமல் போய்வருவதை நானே பார்த்தேன். சமாதானம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள்.

மீன் கடைக்காரர் ஒரு நாள் கண் பரிசோதனை என்ற சாக்கில் வந்தார். பரிசோதனை முடிந்தும் போகாமல், தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். சில்லு வந்ததும் எழுந்து நின்று, "என்கிட்ட வாங்கின தொட்டிக்காரங்க ரெண்டு மூணு பேரு இதே பிரச்சனையில இருக்காங்கம்மா. அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"அனுப்புங்க. ஆனா எந்த மீனை எந்த வரிசையில விடறதுன்னு நான்தான் சொல்லுவேன். சாதுவானதுங்க முதல்ல, ரவுடி கடைசியில."

"சரிம்மா, நீ சொல்ற வரிசைதான்" என்றார்.

அப்படித்தான் அவள் தொழில் திரும்பியது. இப்போது கண்ணாடிக் கடையில் பாதி இடம் அவளுடைய தொட்டிகளுக்கு. தொட்டி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் நீளம் அகலம் கேட்க மாட்டாள். "யார் யாரைக் குடிவைக்கப் போறீங்க?" என்பாள். அதற்கு ஏற்றபடிதான் கண்ணாடியில் கையை வைப்பாள். சேராத கூட்டத்தைக் கேட்டால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடுவாள். ஒரு வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போய், மறு மாதமே செத்த மீன் கதையோடு திரும்பி வந்தார். அவரை அவள் குத்திக் காட்டவில்லை. உட்காரவைத்து, தானும் ஒரு பழுப்பு மீனைக் கொன்ற கதையைத்தான் சொன்னாள்.

போன மாதம் துறைமுகத்தில், கப்பல் ஏற வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு தொட்டியை அவள் முடித்துக் கொடுத்தாள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. திறப்பு விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். என் கணவர் சட்டையை இரண்டு முறை தேய்த்துப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா வந்தார். டீச்சரம்மாவையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தோம். துறைமுக அதிகாரி பேசிவிட்டு, மைக்கை சில்லுவிடம் நீட்டினார். அவள் அதைப் பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

"உள்ள இருக்கிற எல்லா மீனும் ஒண்ணுக்கொண்ணு பிரியமா இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. "ஆனா எதுவும் எதையும் அடிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் யாரோ பதித்திருந்த கைரேகையைத் துணியால் துடைக்கப் போய்விட்டாள். நான் கை தட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.